பி.சி.ஜி. சிகிச்சை (சிறுநீர்ப்பைப் புற்று)

காசநோய்த் தடுப்பூசியில் உள்ள, வீரியம் குறைத்த உயிர்க்கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்குள்ள புற்றுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் முறை. தசையை எட்டாத புற்றுக்கே இது பயன்படும்.

இந்நோய்க்கும் சாயத் தொழிலுக்கும் பழைய தொடர்புண்டு. சாய ஆலைத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை 1895இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துக்காட்டினார். இன்று முதற்காரணம் புகையிலைதான். ஆயினும் பென்சிடின் சாயங்கள் புற்றை உண்டாக்கும் என்பது உறுதி. இந்தியா 1993இல் அவற்றைத் தடை செய்தது. சாயப்பட்டறைகளை நம்பிப் பிழைக்கும் திருப்பூர், கோவை வட்டாரத்தார் சிறுநீரில் வலியின்றி இரத்தம் கண்டால், நின்றுவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

கிருமியை ஏவிப் புற்றை அடக்க 1891இல் நியூயார்க்கில் மருத்துவர் வில்லியம் கோலி முயன்றார். கதிர்வீச்சு சிகிச்சை வந்ததும் அவர் மருந்து ஓரங்கட்டப்பட்டது. 1976இல் கனடாவின் மருத்துவர் ஆல்வாரோ மொராலெஸ், பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி ஒன்பது நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். அமெரிக்கா 1990இல் அனுமதி தந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்தபின், வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் குழாய் வழியே மருந்து ஏற்றி, இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கச் சொல்வார்கள். எரிச்சலும் காய்ச்சலும் வரக்கூடும். கிருமி உட்சுவரில் ஒட்டிக்கொள்ள, திரண்டு வரும் வெள்ளணுக்கள் புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகின்றன.

செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வில் இதே பி.சி.ஜி., பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கத் தவறியது. வந்த வேலையில் சறுக்கிய கிருமிக்கு வராத வேலை கைகொடுத்தது எனலாம். இத்தடுப்பூசியைத் தயாரிக்க 1948இல் அமைந்த கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்தின் உற்பத்தி உரிமம், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் உரிமத்தோடு சேர்த்து, 2008இல் நிறுத்தி வைக்கப்பட்டு 2010இல்தான் திரும்பக் கிடைத்தது. தடுப்பு மருந்துக்குப் பேர்போன அரசு நிறுவனங்களை ஒரே நேரத்தில் முடக்கியது கண்மூடித்தனமான முடிவு.

கிருமியையே திருத்தும் முயற்சி பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்டீபன் காஃப்மன் குழுவினுடையது. யூரியேஸ் மரபணு ஒன்றை நீக்கி, லிஸ்டீரியா கிருமியின் லிஸ்டீரியோலைசின் மரபணுவைச் சேர்த்தார்கள். வெள்ளணு தான் விழுங்கிய கிருமியை அடைத்து வைக்கும் உறையை லிஸ்டீரியோலைசின் துளைக்கும். கசியும் புரதங்கள் டி அணுக்களை வலுவாக எழுப்பும் என்பது கணக்கு. வி.பி.எம். 1002 எனப்படும் இந்தத் திருத்திய கிருமியின் உரிமம் புனே சீரம் நிறுவனத்திடம் உள்ளது. இதை வைத்துச் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வில், பழைய பி.சி.ஜி.க்குப் பின்னும் புற்று திரும்பியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 60 வாரம் வரை சிறுநீர்ப்பையில் புற்று மீளவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. பழையதை விடப் புதியது மேல் என்று சொல்ல அது போதாது.