மேல்வாரமும் குடிவாரமும்: புதிய இணையப் பின்னொட்டுகளில் முதலீடு வளர்ந்த வரலாறு

இணையப் பெயர்களை மலிவாக வாங்கி வைத்திருந்து, விலையேறும் காலத்தில் விற்று லாபம் காணும் வாணிபத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், பெயரின் ஈற்றில் நிற்கும் இரண்டு மூன்று எழுத்துகளுக்கு உரியவர் யார் என்பதை முதலில் கவனித்தல் அவசியம். 1984 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸும் வெளியிட்ட ஆவணத்தில் காம், ஆர்க், எடு முதலிய பொதுப் பின்னொட்டுகள் வகுக்கப்பட்டன. பெயரைப் பதிவு செய்துகொள்ளப் பல ஆண்டுகள் காசே கேட்கப்படவில்லை. 1995 செப்டம்பரில்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டாண்டுக்கு நூறு டாலர் என்று கட்டணம் வசூலிக்கத் தொடங்கிற்று. நல்ல பெயருக்கும் சொத்தைப் பெயருக்கும் ஒரே கட்டணம், முந்தியவருக்கு முதலிடம். பின்னாளில் வெக்கேஷன்ரென்டல்ஸ் டாட் காம் என்னும் ஒற்றைப் பெயர் 2007இல் மூன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறிய அதிசயத்துக்கு மூலகாரணம், தரம் பாராத அந்தச் சமவிலையே என்பது என் துணிபு.

காமில் நல்ல சொற்கள் தீர்ந்தமையால், முதலீட்டாளரின் பார்வை பிற பின்னொட்டுகளின்மேல் விழுந்தது. 2000 நவம்பரில், இணையப் பெயரமைப்பை நிர்வகிக்கும் ஐகான் ஸ்தாபனம் இன்ஃபோ, பிஸ் உள்ளிட்ட ஏழு பின்னொட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு இன்ஃபோ திறந்தபோது, வர்த்தகச் சின்னம் உடையோருக்கென ஒதுக்கிய முன்னுரிமைக் காலத்திலேயே இல்லாத சின்னங்களைக் காட்டிப் பெயர்களைச் சுருட்டியோர் பலர். ஐகானின் அங்கீகாரமின்றியே நியூ டாட் நெட் என்னும் நிறுவனம் 2001இல் பின்னொட்டுகளை விற்றது விநோதமான உபகதை: அவற்றில் வாங்கிய பெயர்கள் இணையத்தைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோருக்குத் திறக்கவே இல்லை.

நாட்டுக் குறியீடுகளின் கதை வேறு. எது நாடு, எது நாடன்று என்று தீர்மானிக்கும் பொறுப்பு தமக்கு வேண்டாமென்று, ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலையே போஸ்டல் ஆதாரமாகக் கொண்டார். அதனால் பசிபிக் சமுத்திரத்துச் சிறு தீவுநாடான துவாலுவுக்கு டிவி என்னும் எழுத்துகள் யதேச்சையாக வாய்த்தன. 2000இல் அவற்றைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஐந்து கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்ட துவாலு, அப்பணத்தின் உதவியால் அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராகவும் பிரவேசித்தது. பின்னொட்டுக்கு உரியவன் அடையும் வருமானமும் அதனடியில் ஒரு பெயரை வாங்கியவன் அடையும் வருமானமும் வெவ்வேறு என்பது இங்கேதான் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிகிறது. ஜமீன்தாரி காலத்து வழக்கில் சொன்னால், முன்னது மேல்வாரம், பின்னது குடிவாரம்.

2012இல் புதிய பின்னொட்டுகளுக்கு ஐகான் வாயிலை அகலத் திறந்தபோது, விண்ணப்பம் ஒன்றுக்கு 1,85,000 டாலர் கட்டணம் இருந்தும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரே பின்னொட்டைப் பலர் கேட்ட இடங்களில் ஏலம் நடந்தது: டாட் ஆப் 2015இல் கூகுளுக்கு இரண்டரைக் கோடி டாலருக்குப் போயிற்று, டாட் வெப் மறு ஆண்டில் பதின்மூன்றரைக் கோடியை எட்டியது. இத்தனை பணத்தைக் கொட்டியவர்கள், நல்ல சொற்களைப் பத்து டாலருக்கு வழிப்போக்கர் அள்ளிச் செல்லச் சம்மதிப்பார்களா? காம் காலத்துச் சமவிலையை அவர்கள் தொடக்கத்திலேயே ஒழித்தார்கள். சிறந்த சொற்களைப் பிரீமியம் என்று தனியே எடுத்துவைத்துத் தாமே விலை குறித்தனர். அவற்றுள் பலவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டும் புதுப்பித்தல் கட்டணமும் அதே உயர்ந்த அளவில் அமைந்தது. டோனட்ஸ் நிறுவனமோ, திறப்பு நாளில் மிக உயர்ந்த விலையில் தொடங்கி நாளுக்கு நாள் இறக்கி, அவசரக்காரரின் ஆவலையும் காசாக்கிற்று.

காமின் மொத்த விலைக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. புதியவற்றுக்கு அது இல்லை. விலையை உயர்த்த விரும்பும் பதிவகம், அதாவது பின்னொட்டை நடத்தும் நிறுவனம், நூற்றெண்பது நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும், பழைய விலையிலேயே பத்தாண்டுவரை புதுப்பிக்க இடமளிக்கவேண்டும் என்ற அளவே பாதுகாப்பு. 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பன்மடங்கு ஏற்றப்போவதாக அறிவித்து, கண்டனம் எழுந்தபின் பழைய பதிவுகளுக்கு விலக்களிக்க முன்வந்தது. ஆண்டுக்கு முப்பது டாலர் வீதம் நூறு பெயர்களை வைத்திருப்பவர், ஒன்றும் விற்காத ஆண்டிலும் மூவாயிரம் டாலர் கட்டியாகவேண்டும். கட்டணம் இரட்டித்தால் அவர் கதி என்ன? பெயர்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவும்.

எண்ணிக்கையும் இங்கே நம்பத்தக்க அளவுகோல் அன்று. 2014 ஜூனில் திறந்த எக்ஸ்ஒய்இசட் பின்னொட்டில் வெகு விரைவில் பெருகிய பதிவுகளுள் பல, நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் வாடிக்கையாளர் கேளாமலே அவர்கள் கணக்கில் இலவசமாகச் சேர்க்கப்பட்டவை. அடுத்த ஆண்டு ஆல்ஃபபெட் நிறுவனம் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் என்ற முகவரியை ஏற்றபோதுதான் அதற்குக் கௌரவம் பிறந்தது.

குடியானவனுக்கும் நிஜமான விளைச்சல் கிடைத்த பெரிய விதிவிலக்கு, கரிபியன் தீவான அங்குவிலாவின் ஏஐ. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அப்பெயர்களைப் போட்டியிட்டு வாங்கின. யூ டாட் ஏஐ 2023இல் ஏழு லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அவ்வாண்டில் தீவின் அரசுக்கோ பெயர்க் கட்டணத்தால் ஏறக்குறைய 3.2 கோடி அமெரிக்க டாலர், அதாவது மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேர்ந்தது. நாட்டுக் குறியீடுகளின் வரிசையில், தமிழ் எழுத்திலேயே அமைந்த இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் பின்னொட்டுகளும் 2010, 2011ஆம் ஆண்டுகளில் வந்தவைதாம். ஊக வாணிபத்தின் பேராசை அவற்றைத் தீண்டாதது ஒருவகையில் நன்மையே.

2026 ஏப்ரலில் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட, புதிய பின்னொட்டுகளுக்கான ஐகானின் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர். இதற்கிடையில், தொழில்நுட்ப நிறுவனங்கள் விரும்பி வாங்கிய ஐஓ பின்னொட்டு வேறொரு சிக்கலில் அகப்பட்டிருக்கிறது. அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு. அப்பிரதேசமாக அமைந்த சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு அளிக்கும் உடன்படிக்கை 2025 மே மாதத்தில் கையெழுத்தாயிற்று. உரிய நாடோ பிரதேசமோ மறைந்தால் குறியீட்டின் கதி ஒரே விதமாக இருந்ததில்லை: யூகோஸ்லாவியாவின் ஒய்யூ 2010இல் நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் எஸ்யூவோ, அந்நாடு மறைந்தபின்னும் நெடுங்காலம் புழக்கத்தில் நீடித்தது. ஐஓ என்ற குறியீடு பட்டியலிலிருந்து எடுக்கப்படுமானால், இப்போதைய விதிப்படி அதன் பெயர்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும், கேட்டுப் பெற்றால் மேலும் ஐந்தாண்டு வரை நீட்டிப்பும் உண்டு.