அடங்கல்

‘அடங்கு’ என்னும் வினையில் பிறந்த தொழிற்பெயர் அடங்கல். முழுவதும், எல்லாம் என்பது இதன் பழைய பொருள். தேவாரப் பாடல்களின் முழுத் தொகுப்பை ‘அடங்கன்முறை’ என்பதும் இதனால்தான்.

தாமிரபரணிப் பாசனத்தில் இச்சொல்லுக்கு வயல்வாசம் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் கிராமக் கணக்கு எண் 2-க்கு அடங்கல் என்று பெயர். எந்தப் புல எண்ணில், எந்தப் பருவத்தில், என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டுக்கு ஒரு பதிவேடு.

வரிகள் பெருகினால் கண் குழம்பும். கார் நெல் எவ்வளவு, பிசான நெல் எவ்வளவு என்று பருவவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் கூட்டினால்தான் சேரன்மகாதேவிப் பக்கத்து வேளாண்மை புலப்படும்.

ஆர் என்னும் புள்ளியியல் கணினி மொழியும் இதையே செய்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய மொழி அது. அதன் டிபிளையர் தொகுப்பில் ‘குரூப் பை’ கட்டளை வரிகளைப் பருவவாரியாகப் பிரிக்கும். ‘சம்மரைஸ்’ ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே வரியைத் தரும். 2 ஏக்கர் கார், 3 ஏக்கர் கார், 4 ஏக்கர் பிசானம் என்று மூன்று வரிகள் இருந்தால், கார் 5, பிசானம் 4 என இரண்டு வரிகளே மிஞ்சும்.

புதியவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு வயலின் பரப்பு விடுபட்டிருந்தாலும் அந்தப் பருவத்தின் கூட்டுத்தொகை ‘என்.ஏ.’ (மதிப்பு இல்லை) என்றே வரும். விடுபட்டதை ஒதுக்கிக் கூட்டச் சொல்லித் தனியாகக் கட்டளையிடலாம். ஆனால் வயலுக்கே போய்ப் பார்த்து நிரப்புவதுதான் நல்ல கணக்கு.