விக்டோரியா மகளிர் கிரிக்கெட் அணி

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள விக்டோரியா மாநிலத்துக்காக உள்நாட்டுப் போட்டிகளில் ஆடும் அணி. மாநிலத் தலைநகர் மெல்போர்னின் செயின்ட் கில்டா பகுதியில் இருக்கும் ஜங்ஷன் ஓவல் இதன் சொந்த மைதானம். சில காலம் 'விக்டோரியன் ஸ்பிரிட்' என்றும் அழைக்கப்பட்டது. ஆஸ்திரேலியப் பெண்கள் கிரிக்கெட்டின் பிறப்பிடம் விக்டோரியாதான். கோப்பைக் கணக்கில் நியூ சவுத் வேல்ஸ் பின்னாளில் வெகுதூரம் முந்திச் சென்றுவிட்டது. ஆனால் விளையாட்டை ஊன்றி வளர்த்த கைகள் இந்த மாநிலத்துப் பெண்களுடையவை.

தோற்றம்

மெல்போர்னுக்கு வடமேற்கே தங்கச் சுரங்கங்களால் எழுந்த ஊர் பெண்டிகோ. 1874 ஏப்ரலில், அவ்வூர் மருத்துவமனைக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் நிதி திரட்ட நடந்த ஈஸ்டர் விழாவில், பார்பரா ரே என்ற பெண்மணி முன்னின்று மகளிர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். சிவப்பணி, நீலவணி என இரு பிரிவாகப் பிரிந்து, தரை தொடும் காலிகோ உடையில் ஆடினார்கள். ஆஸ்திரேலியாவில் பதிவான முதல் மகளிர் கிரிக்கெட் ஆட்டம் இதுவே. கூட்டம் திரண்டு வந்து பார்த்தது. பெண்களுக்கு இது அடுக்குமா என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள்.

ஒரு நாள் வேடிக்கையாக முடிந்துவிடாமல் அது அமைப்பாக உருவெடுக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1905இல் விக்டோரியா மகளிர் கிரிக்கெட் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் விடா கோல்ட்ஸ்டீன். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1903இல் நாட்டின் செனட் தேர்தலில் வேட்பாளராக நின்றவர். விக்டோரியாவின் மாநிலத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது 1908இல்தான். மாநில வாக்குச் சீட்டு கைக்கு வருமுன்பே மட்டைக்குச் சங்கம் கண்டுவிட்டார்கள் என்பது இம்மாநிலப் பெண்களுக்குப் பெருமை. நடுவில் தளர்ந்த அமைப்பு 1923இல் புத்துயிர் பெற்றது. 1931இல் அகில ஆஸ்திரேலிய மகளிர் கிரிக்கெட் குழு அமைந்து, மாநிலங்களுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. தொடக்க ஆண்டுகளிலும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்திலும் அதில் விக்டோரியாவின் கையே ஓங்கியிருந்தது.

தொழிற்சாலைப் பெண்கள்

1934 டிசம்பரில் இங்கிலாந்துப் பெண்கள் வந்து பிரிஸ்பேனில் உலகின் முதல் மகளிர் டெஸ்டை ஆடினார்கள். ஆஸ்திரேலியா 47 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்தத் தோல்வியிலும் விக்டோரியாவின் ஆப் ஸ்பின்னர் ஆன் பால்மர் 18 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தார். ஆனால் அந்தத் தொடரில் மக்கள் மனம் கவர்ந்தவர் பெக்கி அன்டோனியோ. துறைமுகப் பகுதியான போர்ட் மெல்போர்னில் பையன்களோடு தெருவில் ஆடி வளர்ந்த பெண். காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி. அவருடைய லெக் ஸ்பின்னில் கூக்ளியும் டாப் ஸ்பின்னும் கலந்து வந்தன. அன்றைய ஆண்கள் அணியின் பெரும் சுழலர் கிளாரி கிரிம்மெட்டின் பெயரைச் சேர்த்து 'பெண் கிரிம்மெட்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1937இல் இங்கிலாந்து செல்ல ஒவ்வொருவரும் சொந்தப் பணத்தில் 75 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு அது எட்டாத தொகை. புரவலர் ஒருவர் கொடுத்ததால்தான் அவர் கப்பலேறினார். திரும்பி வந்த சிறிது காலத்தில், இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார்.

பெட்டி வில்சன்

இவ்வணியின் வரலாற்றில் மட்டுமல்ல, உலக மகளிர் கிரிக்கெட்டிலேயே ஈடு சொல்ல முடியாத ஆட்டக்காரர். 1921இல் மெல்போர்னில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. மகளின் கிரிக்கெட் காலணிகளையும் அவரே தைத்துக் கொடுத்தார். பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டுத் துணிக்கொடியில் தொங்கவிட்டு, அது ஆடி ஆடித் திரும்பி வர வர அடித்துப் பழகினார் வில்சன். பத்து வயதில் காலிங்வுட் மகளிர் அணியில் இடம் பெற்றார். 14 வயதில் மாநில இரண்டாம் அணி, 16இல் முதல் அணி. பிறகு போர் வந்து சிறந்த ஆண்டுகளை விழுங்கியது. 1948இல் வெலிங்டனில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 26. அதில் 90 ஓட்டங்களும் 10 விக்கெட்டுகளும் எடுத்தார். அதே டெஸ்டில் சக ஆட்டக்காரர் உனா பெய்ஸ்லி 108 அடித்தார்.

1958 பிப்ரவரியில் ஜங்ஷன் ஓவலில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதல் நாளை மழை கொண்டுபோயிற்று. மறுநாள் ஈர ஆடுகளத்தில் ஆஸ்திரேலியா 38க்குச் சுருண்டது. அதில் வில்சனின் 12தான் அதிகம். இங்கிலாந்தின் மேரி டக்கன் 6 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் சாய்த்திருந்தார். அடுத்து வில்சன் பந்தை எடுத்தார். இங்கிலாந்து 35க்கு அவுட். வில்சனுக்கு 7 ஓட்டங்களுக்கு 7 விக்கெட், அதில் மகளிர் டெஸ்டின் முதல் ஹாட்ரிக். இரண்டாம் இன்னிங்ஸில் சரியாக 100 அடித்து, மேலும் 4 விக்கெட் எடுத்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது. ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் என்ற சாதனையை ஆண், பெண் இருபாலரிலும் முதலில் எட்டியவர் அவரே. ஆண்களில் ஆலன் டேவிட்சன் 1960 டிசம்பரில்தான் அதற்கு நெருங்கி வந்தார், அவருக்கும் சதம் கிட்டவில்லை.

11 டெஸ்டுகளில் 862 ஓட்டங்கள், சராசரி 57.46, விக்கெட்டுகள் 68, சராசரி 11.80. நிச்சயித்த திருமணத்தைச் சுற்றுப்பயணத்துக்காகத் தள்ளிவைத்தவர், பின்னர் மணம் செய்துகொள்ளவே இல்லை. ஆண்கள் அணியின் பெரும் மட்டையாளர் பிராட்மேனின் பெயரைச் சேர்த்து 'பெண் பிராட்மேன்' என்று அவரை அழைப்பது வழக்கம். பிராட்மேன் இப்படிப் பந்து வீசியதில்லை என்பதால் அந்தப் பட்டம் அவருக்குக் குறைவே. 2010இல் மறைந்தார்.

பிற்காலம்

1973இல் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை தாங்கிய மிரியம் நீ, 1982இல் கோப்பையை வென்ற தலைவி வேகப்பந்து வீச்சாளர் ஷாரன் ட்ரெட்ரியா, 1984-85இல் டெஸ்ட் அணியை நடத்திய ரேலி தாம்சன் ஆகியோர் விக்டோரியா தந்தவர்கள். கேத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக் தம் காலத்தில் உலகின் மிக வேகமான பெண் பந்துவீச்சாளர். குப்பை வண்டியிலும் அஞ்சல் பணியிலும் உழைத்துக்கொண்டே ஒருநாள் ஆட்டங்களில் 180 விக்கெட்டுகள் வீழ்த்தினார். சாரா எலியட் இங்கிலாந்துக்கு எதிரான 2013 ஆஷஸ் டெஸ்டில் இடைவேளைகளில் கைக்குழந்தைக்குப் பாலூட்டியபடி 104 அடித்தார்.

1996-97இல் தொடங்கிய தேசிய மகளிர் கிரிக்கெட் லீக்கில் 2002-03, 2004-05 ஆகிய இரு பருவங்களில் விக்டோரியா பட்டம் வென்றது. 2018-19 வரை நியூ சவுத் வேல்ஸ் 20 முறை வென்றிருக்கிறது. மாநில இருபது ஓவர் கோப்பையின் முதல் ஆண்டுகளில் விக்டோரியா முன்னின்றது. 2015இல் மகளிர் பிக் பேஷ் லீக் வந்தபின் குறுகிய ஆட்டம் நகர அணிகளின் கைக்குப் போய்விட்டது.

1988 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் பார்த்தவர்கள் சுமார் 3,000 பேர். 2020 மார்ச் 8 அன்று அதே இடத்தில் விக்டோரியாவின் மெக் லானிங் தலைமையில் ஆஸ்திரேலியா இந்தியாவை வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையைத் தூக்கியபோது 86,174 பேர் இருந்தார்கள். எலிஸ் பெர்ரி 2019இல் நியூ சவுத் வேல்ஸிலிருந்து இவ்வணிக்கு மாறினார். இம்மாநிலத்தின் அனபெல் சதர்லண்ட், 2025இல் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 163 அடித்து, அங்கு டெஸ்ட் சதம் கண்ட முதல் பெண்ணானார்.