விளம்பரத்தில் அச்சேறாத வரிகள்

பத்திரிகைத் தொழிலில் எனக்கு முதலிற் கிடைத்த வேலை செய்தி எழுதுவதன்று. மரண அறிவித்தல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது. எவரும் விரும்பாத வேலை அது. ஆயினும், காசு கொடுத்து அச்சிடுவிக்கும் அந்தச் சிறு பெட்டிகளிலே நமது சமூகம் தன்னையறியாமல் எவ்வளவோ சொல்லிவிடுகிறது என்பதை அங்கேதான் கற்றேன்.

விளம்பரம் என்றாற் பழைய பொருள் அறிவித்தல் என்பதே. ஆறுமுக நாவலர் தம் அறிவித்தல்களுக்கு 'விக்கியாபனம்' என்று பெயரிட்டார். 1872 இல் அவர் வெளியிட்ட 'யாழ்ப்பாணச் சமயநிலை'யில் திருக்கேதீஸ்வரத்துக்காக ஒரு முறையீடு உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம், போர்த்துக்கேயர் இடித்தபின் மன்னார்க் கரையோரத்திற் காடு மூடிக் கிடந்தது. மேலோட்டமாகப் படித்தால் அது திருப்பணி வேண்டுகோள். ஊன்றிப் படித்தால், பாடல்பெற்ற தலம் பாழாய்க் கிடக்கப் புதிது புதிதாய்க் கோயில் கட்டிக்கொண்டிருந்தோருக்கு வைத்த சூடு. விளிக்கப்பட்டோர் யாழ்ப்பாணத்துச் சைவர். பணமும் வாசகரும் அங்கேதான். கோயிலைச் சுற்றி வாழ்ந்த மன்னார் மக்கள், அவர்களிற் பெருந்தொகையினரான கத்தோலிக்கர், அந்த அழைப்பில் இல்லை. நாவலர் 1879 இல் மறைந்தார். காணி வாங்கியது 1893 இல். குடமுழுக்கு 1903 இல்.

எவரை விளிக்கவில்லை என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தப் பிரசுரத்தால் வந்தது.

மணமகன் தேவை விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'நற்குடும்பம்' என்பதன் பொருள் சாதி என்பதை வாசகர்கள் அறிவார்கள். மரண அறிவித்தலோ அவ்வளவு எளிதன்று. 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட' என்பது நமது பத்திரிகைகளின் மாறாத வாய்பாடு. 1983 இற்குப் பின் வதிவிடங்கள் ரொறன்ரோவும் இலண்டனும் பாரிஸும் ஆயின. வன்னியிலும் மன்னாரிலும் இடம்பெயர்ந்தோருக்கு ஒரு புதுச் சொல் சேர்ந்தது: 'தற்காலிக வதிவிடம்'.

திருக்கேதீஸ்வரப் பகுதியிலிருந்து 1990 இற் போர் மூண்டபோது வெளியேறிய ஒரு தாயாரின் அறிவித்தலைக் கொண்டு மகள் வந்திருந்தார். வவுனியாவிலே பல்லாண்டுகள் வாழ்ந்து இறந்தவருக்குத் 'தற்காலிக' எதற்கு, அதை எடுத்துவிட்டால் ஒரு வரி குறையும், காசும் குறையும் என்றேன்.

"இல்லை ஐயா, அது கிடக்கட்டும். அம்மா கடைசிமட்டும் திரும்பிப் போறதெண்டுதான் இருந்தவ."

நான் பேனையை வைத்துவிட்டேன்.

அதே 1990 ஒக்டோபரில், மன்னார்த் தீவு உட்பட வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000 இற்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்து அகதி முகாம்களில் முதுமையடைந்து இறந்தார்கள். தாமதமின்றி நல்லடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். ஆதலாற் பத்திரிகைக்கு அறிவித்தல் வருவது அரிது. எருக்கலம்பிட்டியைப் பிறப்பிடமாகவும் புத்தளத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டோரின் பெட்டி ஒன்றைக்கூட நான் மெய்ப்புப் பார்த்த நினைவில்லை. அந்த வெற்றிடம் அக்காலத்தில் என் கண்ணிற் படவுமில்லை.