ஓடையும் மதிலும்

ஜெர்மனி நாட்டில் பவேரியா, தூரிங்கியா, சாக்ஸனி ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் மேட்டு நிலத்தில், ஹோஃப் நகருக்கு வடமேற்கே, மோட்லராய்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 50 பேரே. தேசப்படத்தில் அதனைத் தேடிக் காண்பது எளிதன்று. ஆயினும், எல்லைக்கோடு ஒன்று எப்பொழுது மக்களுக்குத் துன்பமாகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்வூரைப் போன்ற சான்று கிடைப்பது அரிது. பிறந்த மாநிலத்தின் எல்லையைக் கடந்து வாழும் நேயர்களோடு சேர்ந்து அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ஊரின் நடுவே டன்பாக் என்னும் ஓடை செல்கிறது. தாண்டிவிடக் கூடிய அளவே அதன் அகலம். 1810-ஆம் ஆண்டில் இவ்வோடையை ஒட்டி எல்லைக் கற்கள் நடப்பெற்றன. ஒரு கரை பவேரிய அரசுக்கும், மறு கரை ரோய்ஸ் என்னும் சிற்றரசுக்கும் உரியனவாயின. 1920-இல் ரோய்ஸ் நிலம் தூரிங்கியாவோடு இணைந்தது. ஆட்சிகள் மாறினவேயன்றி ஊரார் வாழ்க்கை மாறவில்லை. பள்ளியும் விடுதியும் தூரிங்கியக் கரையில் இருந்தன. வழிபாட்டுக்கோ பவேரியப் பக்கத்திலுள்ள டோப்பன் ஊர்த் தேவாலயத்திற்குச் சென்றனர். கோடு இருந்தது, தடை இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், தூரிங்கியா சோவியத் படையின் ஆளுகைக்கும், பவேரியா அமெரிக்கப் படையின் ஆளுகைக்கும் உட்பட்டன. 1949-இல் ஜெர்மனி இரு நாடுகளாயிற்று. ஓடை நாட்டெல்லை ஆயிற்று. 1952-இல் கிழக்கு ஜெர்மன் அரசு எல்லையை ஒட்டி 5 கிலோமீட்டர் அகலத்திற்குத் தடைப்பகுதி வகுத்தது. எல்லையோரக் குடும்பங்கள் பல வலிந்து வெளியேற்றப்பட்டன. மோட்லராய்ட்டில் முதலில் மரவேலியும், பின்னர் முள்வேலியும் எழுந்தன. 1966-இல் ஏறத்தாழ 700 மீட்டர் நீளமும் 3.3 மீட்டர் உயரமும் உடைய கான்கிரீட் மதில் ஊரை இரண்டாக அறுத்தது. கிழக்குக் கரையினர் மறு கரையிலிருந்த உறவினரை நோக்கிக் கையசைப்பதும் குற்றமாயிற்று. அமெரிக்கப் படைவீரர் இவ்வூரைச் 'சிறிய பெர்லின்' என்றே அழைத்தனர்.

1989 நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறக்கப்பட்டது. ஒரு திங்கள் கழித்து, டிசம்பர் 9-ஆம் நாள், இங்கும் நடந்து செல்வதற்கு வழி திறந்தது. சில அடி தொலைவிலிருந்த அண்டை வீட்டாரைக் காண அவர்கள் காத்திருந்தது எத்தனை ஆண்டுகள்! 1990 ஜூன் 17-இல் மதில் இடிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி மட்டும் அருங்காட்சியகத்தின் அங்கமாக இன்றும் நிற்கிறது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மதில் போயினும் எல்லை போகவில்லை. இன்றும் ஒரு கரை பவேரியா. மறு கரை தூரிங்கியா. அஞ்சல் எண் வேறு; தொலைபேசிக் குறியீடு வேறு; நகரத் தலைவரும் வேறு; வணக்கம் கூறும் சொல்லும் வேறு. ஆயினும் அதனால் ஊரார்க்கு இடர் இல்லை. 1810-இல் கல் நட்டோர் செய்ததும் பிரிவினையே. 1966-இல் மதில் எழுப்பியோர் செய்ததும் பிரிவினையே. முன்னது நிலத்தைப் பிரித்தது. பின்னது மனிதரைப் பிரித்தது. டன்பாக் ஓடையோ, அன்று போலவே இன்றும், இரு கரைகளையும் நனைத்துக்கொண்டு ஓடுகிறது.