ஆயில் ஃபில்டரின் தரம் கண்ட வரலாறு

மோட்டார் கார்களின் முதல் தலைமுறையில் ஆயிலை வடிகட்டத் தனிக் கருவி எதுவும் கிடையாது. ஆயில் பம்ப்பின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். பெரிய கசடைத் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆயிலை அடிக்கடி வடித்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் வழக்கம்.

1923இல் அமெரிக்காவின் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் இதற்கு ஒரு தீர்வு கண்டார். துளையிட்ட தட்டுகளின் மேல் பருத்தித் துணியைப் போர்த்தி, அதன் வழியே ஆயிலைச் செலுத்தினார். 'பியூர் ஆயில் லேட்டர்' என்ற சொற்களைச் சுருக்கி அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். வடிந்து வரும் ஆயிலைப் பார்க்க அதில் ஒரு சிறு கண்ணாடியும் உண்டு. துணி அடைத்துக்கொண்டால் கண்ணாடிக்குப் பின்னே ஓட்டம் மெலியும். ஃபில்டரின் நிலையைக் கண்ணாலேயே அறிய முடிந்த காலம் அது. மறு ஆண்டே கிரைஸ்லர் காரில் இக்கருவி இடம்பெற்றது.

அன்றைய ஃபில்டர்கள் கிளைவழியில் இயங்கின. பம்ப் தள்ளும் ஆயிலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அவற்றுக்குள் போய்த் திரும்பும். மற்றது நேரே பேரிங்குகளுக்குப் போய்விடும். அவசரம் இல்லாததால் மிக நுணுக்கமாக வடிகட்ட முடிந்தது. 1950களில் அமெரிக்காவில் விற்பனையான ஃபிரான்ட்ஸ் ஃபில்டருக்குள் வைத்தது கழிப்பறைக் காகிதச் சுருளைத்தான். இறுகச் சுற்றிய காகிதம் நுண்துகளைப் பிடிப்பதில் உண்மையிலேயே கெட்டி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், முழு ஆயிலும் ஃபில்டரைக் கடந்தே பேரிங்குக்குப் போகும் முறை பரவியது. தரம் பற்றிய கேள்வி சிக்கலானது இங்கேதான். துளை சிறிதானால் ஓட்டம் தடைப்பட்டு என்ஜின் ஆயிலுக்குத் தவிக்கும். பெரிதானால் துகள் தப்பிவிடும். பிசின் ஏற்றிய காகிதத்தைப் பல மடிப்புகளாக்கிப் பரப்பைக் கூட்டியது இதற்குக் கிடைத்த விடை. அடைப்பு மிஞ்சினால், வடிகட்டாத ஆயிலாவது போகட்டும் என்று திறந்துகொள்ளும் பைபாஸ் வால்வும் சேர்ந்தது.

1950களின் நடுவில், கையால் திருகி மாட்டும் தகர டப்பா ஃபில்டர் வந்தது. மாற்றுவது எளிதாயிற்று, ஆனால் உள்ளே இருப்பது கண்ணுக்கு மறைந்துபோனது. இன்றும் அக்கறையுள்ள மெக்கானிக்குகள் டப்பாவின் கழுத்தை அறுத்துப் பார்ப்பது இதனால்தான். மடிப்புகள் சீரான இடைவெளியில் நிற்கின்றனவா, காகிதத்தின் ஓரம் மூடியோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்ஜின் அணைந்ததும் ஆயில் பின்னே வடியாமல் தடுக்கும் ரப்பரை விரலால் வளைத்துப் பார்ப்பார்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் விறைத்துவிடும். விலை கூடிய ஃபில்டர்களில் உள்ள சிலிகான் அவ்வளவு எளிதில் விறைக்காது.

எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் வடிகட்டும் திறன் கண்ணுக்குத் தெரியாது. பழைய சோதனைகள் பிடிபட்ட தூசியை எடை போட்டன. சில பெரிய துகள்களே எடையில் பெரும்பங்கை அடைத்துக்கொள்வதால், பொடித்துகளைத் தப்பவிடும் ஃபில்டரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். 1970களில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இந்தக் குறையைத் தீர்த்தது. ஆயிலில் சோதனைத் தூசியை இடைவிடாமல் கலந்து, திரும்பத் திரும்ப ஃபில்டருக்குள் சுற்றவிட்டு, முன்னும் பின்னும் துகள்களை எண்ணுவார்கள். அரிசோனாப் பாலைவனத்துத் தூசியே இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. இன்றைய ஐஎஸ்ஓ 4548-12 தரமுறைக்கும் இந்த எண்ணும் முறையே அடிப்படை.

பொடித்துகளையும் பிடிப்பதால் பயன் உண்டு என்பதை ஜெனரல் மோட்டார்ஸின் 1988ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டரில் என்ஜின் தேய்மானம் 50 சதவீதமும், 15 மைக்ரானில் 70 சதவீதமும் குறைந்தது.

ஆகவே அட்டைப்பெட்டியில் '20 மைக்ரான்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை; அந்த அளவுள்ள துகள்களில் எத்தனை சதவீதம் பிடிபடும் என்பதும் வேண்டும். 20 மைக்ரானில் 50 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் நூறு துகளில் ஐம்பதைத் தப்பவிடும். 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் ஒன்றை மட்டுமே தப்பவிடும். கண்ணாடி நுண்ணிழை கொண்ட உயர்விலை ஃபில்டரின் அனுகூலம் இங்கேதான் உள்ளது. மரக்கூழ் இழையைவிட மெல்லியதாகவும் சீராகவும் இருப்பதால், அது ஓட்டத்தை அதிகம் தடுக்காமலே பொடியைப் பிடித்து, கூடுதல் அழுக்கையும் தாங்கும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் காரில் அந்தக் கொள்ளளவு பாதி நிறையுமுன்பே ஃபில்டர் குப்பைக்குப் போய்விடலாம். 15,000 கிலோமீட்டர் வரை ஒரே ஆயிலில் ஓடும் காரில்தான் கொடுத்த கூடுதல் விலை வேலை செய்கிறது.