விடுதலை மண்டபம், பிலடெல்பியா

விடுதலை மண்டபம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள செங்கல் கட்டடமாகும். பென்சில்வேனியா குடியேற்றத்தின் சட்டமன்றத்திற்காக இதன் கட்டுமானம் 1732 ஆம் ஆண்டு தொடங்கியது.

இதன் கீழ்த்தளப் பேரவை அறையில் 1776 சூலை 4 அன்று விடுதலைச் சாற்றுரை ஏற்கப்பட்டது. அதே அறையில், ஏறத்தாழ நான்கு மாதங்கள் நடந்த மூடிய விவாதங்களுக்குப் பின், 1787 செப்டம்பர் 17 அன்று அரசியலமைப்பு கையொப்பமானது.

மனிதர் அனைவரும் சமம் என்றது சாற்றுரை. தப்பியோடிய அடிமைகளை உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது அரசியலமைப்பின் ஒரு விதி. இம்முரண்பாடு பின்னர் இக்கட்டடத்திலேயே வெளிப்பட்டது. 1850களில் இதன் மேல்தளத்தில் கூட்டாட்சி அரசின் அலுவலகங்கள் இயங்கின. தப்பி வந்து பிடிபட்ட அடிமைகள் மீதான விசாரணைகள் அங்கு நடந்தன. 1865 ஏப்ரலில், அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்ட ஆபிரகாம் லிங்கனின் உடல் பேரவை அறையில் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. அடிமைமுறையை ஒழித்த 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அவ்வாண்டு திசம்பரில் மாநிலங்களின் ஏற்புறுதியைப் பெற்றது.

மாநிலத் தலைநகரம் 1799 இல் லங்காசுட்டருக்கு மாறியபின் இக்கட்டடம் தன் முதன்மைப் பயன்பாட்டை இழந்தது. சுற்றியுள்ள நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க மாநில அரசு முயன்றபோது, நகர நிர்வாகம் 70,000 டாலருக்கு வாங்கிக் காத்தது. 1979 இல் யுனெசுக்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.